வால்வு செட்டை புராஜெக்டாக எடுப்பவர்களுக்கு: முதலில் ஹீட்டர் வோல்டேஜ்

புராஜெக்ட் ரிசல்ட் வந்துவிட்டது. மார்க் நன்றாகவே வந்திருக்கிறது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஸ்மார்ட் டஸ்ட்பின் கிட் வாங்கி, பெயரை மட்டும் ஒட்டிக் கொண்டுவந்த டீமுக்கும் அதே மார்க். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் ராத்திரி விடிந்துவிடும், விடுங்கள்.

எங்கள் லேபின் டெட் ஸ்டாக்கில் (ஒதுக்கிப் போட்ட சாமான்களில்) கிடந்த, டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளில் ஓடும் ஒரு பழைய சிக்னல் ஜெனரேட்டரின் பவர் சப்ளையைச் சரிசெய்து மேம்படுத்துவதுதான் என் புராஜெக்ட். சினாப்சிஸ், சிஐஇ (உள்மதிப்பீட்டு) ரிவ்யூ எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

யாரைக் கேட்டாலும் "கன்டென்சரை மாத்து" என்பார்கள், அதாவது பழைய கெப்பாசிட்டரை. மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் ஹீட்டர் (வால்வுக்குள் சூடேற்றும் கம்பி) வோல்டேஜை அளந்து பாருங்கள். எங்கள் செட்டின் டிரான்ஸ்ஃபார்மர் 220 வோல்ட்டுக்குச் சுற்றியது. லேப் சாக்கெட்டில் வருவதோ 242. 6.3 இருக்கவேண்டிய இடத்தில் 6.9, அதாவது பத்து சதவீத வரம்பின் விளிம்பு. வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்டேஜான ஹை டென்ஷனும் அதே கணக்கில் ஏறும். 300-0-300 என்று எழுதியிருக்கும் சுற்றில் 330 வரும், அதன் உச்சம் 467. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் 5ஒய்3 நேரடியாகச் சூடாகும் வால்வு, சில நொடிகளில் தயாராகிவிடும். மற்ற வால்வுகள் சூடேறி கரண்ட் இழுக்கும்வரை லோடே இல்லை. நீங்கள் காசு கொடுத்து மாட்டிய புது 450 வோல்ட் கன்டென்சர், ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அந்த 467-ஐத் தாங்கவேண்டும்.

இதற்கு மருந்து 9-0-9, 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. பிரைமரி மெயின்ஸில். செகண்டரியின் நடு ஒயரை இன்சுலேட் செய்துவிட்டு, இரண்டு ஓர முனைகளையும் செட்டுக்குப் போகும் ஃபேஸில் சீரிஸாக, மெயின்ஸிலிருந்து கழியும்படி எதிர்த்திசையில் கொடுக்கவேண்டும். 242 இறங்கி 223 ஆனது. ஹீட்டர் 6.4, உச்சம் 430. செட் 60 வாட் இழுத்தாலும் கால் ஆம்பியரைக் கொஞ்சம்தான் தாண்டும், டிரான்ஸ்ஃபார்மர் அசையாது. முனையை மாற்றிக் கொடுத்தால் 261 ஆகிவிடும், அதனால் செட்டை இணைக்கும் முன் மீட்டரை மட்டும் வைத்துப் பாருங்கள். செகண்டரியிலும் இப்போது மெயின்ஸ்தான் நிற்கிறது. மூடிய பெட்டி, ஃபியூஸ் இரண்டும் கட்டாயம்.

லேப் அட்டெண்டர் அண்ணா அல்சூர்க்காரர். நான் சேஸிஸைத் திறந்ததும் பக்கத்தில் வந்து நின்றார். "ஆஃப் பண்ணிட்டேன்னு கைய வெக்காதம்மா. நீதான் ஆஃப் பண்ணே, அது இன்னும் ஆகல." ஃபில்டர் கன்டென்சரில் மீட்டரை வைத்தார். சுவிட்சை அணைத்த பிறகும் 200-க்கு மேல் காட்டி, மெதுவாக இறங்கியது. அன்றே, தேங்கிய சார்ஜை வடிக்க 100 கிலோ ஓம், 3 வாட் பிளீடர் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினேன். 40 மைக்ரோஃபாரட் இருபது நொடியில் காலியாகிவிடும்.

மற்றவை வேகமாக:

- டிம்மர்ஸ்டாட்டில் (வோல்டேஜைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மெல்ல ஏற்றி, நாள்பட்ட கன்டென்சரை வோல்டேஜுக்குப் பழக்குவது, அதாவது ரீஃபார்ம் செய்வது, வால்வு ரெக்டிஃபையரில் சரிப்படாது. ஃபிலமென்ட் சூடாகும்வரை ஹை டென்ஷனே வராது. தனி சப்ளையில், ரெசிஸ்டர் வழியாகச் செய்யுங்கள்.
- முதல் ஆன், மெயின்ஸுக்கும் செட்டுக்கும் நடுவே பல்ப் மாட்டிய சீரிஸ் லாம்ப்போடு மட்டும். பல்ப் முழுசாக எரிந்தால் உடனே அணை.
- 5ஒய்3-க்கு அடுத்த கன்டென்சர் 20 மைக்ரோஃபாரட்டைத் தாண்டவேண்டாம். ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏசி அலை) குறையணுமா, சோக் காயிலுக்குப் பிறகு பெரிதாகப் போடு.
- மெழுகுக் காகித கன்டென்சர் எல்லாம் குப்பைக்கு. 630 வோல்ட் ஃபிலிம் டைப்.
- மெயின்ஸுக்குக் குறுக்கே எக்ஸ்2 ரக கன்டென்சர், மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்கு ஒய்2 ரகம். வேறு எதுவும் கூடாது.
- டூ-பின் ஒயரைத் தூக்கி எறி. த்ரீ-பின், சேஸிஸுக்கு எர்த், ஃபியூஸ் ஃபேஸில்.

வைவாவில் எனக்கு வாய் வராது. அதனால் டிம்மர்ஸ்டாட்டில் மெயின்ஸை 210 முதல் 250 வரை ஏற்றி, ஹீட்டர், ஹை டென்ஷன், ரிப்பிள் மூன்றையும் பழைய நிலையிலும் புதிய நிலையிலும் டேபிளாகப் போட்டு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முன் நீட்டினேன். நன்றாகப் பேசுகிறவர்களுக்கு இது தேவைப்படாது, என்னைப் போன்றவர்களுக்கு இதுவே பாதி மார்க்.

அவர் கேட்டது: ரிப்பிள் ஏன் 100 ஹெர்ட்ஸ்? 50 வந்தால் என்ன அர்த்தம்? (ரெக்டிஃபையரின் ஒரு பாதி வேலை செய்யவில்லை.) சிலிகான் டயோடு ஏன் போடவில்லை? (லோடில் 5ஒய்3 தின்னும் வோல்டேஜ் மிச்சமாகி, ஹை டென்ஷன் இன்னும் ஏறும்.) எஸ்எம்பிஎஸ், அதாவது ஸ்விட்சிங் பவர் சப்ளை, வைத்தால் என்ன? (ஸ்விட்சிங் நாய்ஸ், அதுவும் சிக்னல் ஜெனரேட்டரில்.) கடைசியில், ஸ்பேர் வால்வு எங்கே கிடைத்தது என்றார். பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) முத்திரை போட்ட பழைய பெட்டியைக் காட்டினேன். நம்ம ஜாலஹள்ளி பெல் 1961-லேயே ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. அதுவரை உர்ரென்று இருந்தவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

9-0-9 வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். 1 ஆம்பியர் ஸ்டிக்கரை அரை ஆம்பியர் மேல் ஒட்டி விற்பதும் உண்டு. அரை ஆம்பியர் கனமே இருக்காது.