எடை இறங்கிய இரண்டு சிறுவிடைக் கோழிகள்: 5 வாரக் குறிப்பு

ஐப்பசி மழை பிடித்து பத்து நாள். கொல்லையில் ஆறு சிறுவிடைப் பெட்டைகள். ஆறும் தீனிக்கு ஓடி வருகின்றன. ஆனாலும் செவலையும் சாம்பலும் முட்டையை நிறுத்திவிட்டன. கொண்டை சுருங்கி வெளிறிவிட்டது. இறகு மூடியிருப்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். நெஞ்செலும்பின் இரு பக்கமும் விரலால் தடவினால் நல்ல கோழிக்குச் சதை மேடாக இருக்கும். இந்த இரண்டுக்கும் எலும்பு வரப்பு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது.

எடை பார்த்தது விடியற்காலையில், கூண்டைத் திறப்பதற்கு முன், துணிப்பையில் போட்டுத் தொங்கு தராசில். சாயங்காலம் எடுத்தால் தீனிப்பையில் இருக்கும் இரையே 50 கிராமுக்கு மேல் கூட்டிக் காட்டும். செவலை 1,090 கிராம், சாம்பல் 1,040. மூன்று மாதத்துக்கு முன் குறித்து வைத்தது 1,360, 1,310. மற்ற நான்கிலும் பெரிய மாற்றம் இல்லை.

எடை பார்த்த கையோடு தீனிப்பையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கழுத்து முடியும் இடத்தில், கோழியின் வலப்பக்க நெஞ்சில் இருக்கும். ராத்திரி முழுக்க இரை இறங்கி, விடியும்போது காலியாக இருக்க வேண்டும். சாம்பலுக்குக் காலி. செவலைக்கு எலுமிச்சை அளவில், பிசைந்த மாவு உருண்டை போல இறுக்கமாக இருந்தது. வெளியே ஒரே மெலிவு, உள்ளே இரண்டு வேறு கோளாறு. இதைத் தொட்டுப் பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்திருந்தால் செவலை தப்பியிருக்காது.

செவலை, 1-ஆம் நாள்: பஞ்சாரத்துக்குள் தனியே. 24 மணி நேரம் தீனி இல்லை, தண்ணீர் மட்டும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் தேங்காய் எண்ணெய் 2 மி.லி., அதன் பின் வெதுவெதுப்பான தண்ணீர் 10 மி.லி. அலகின் ஓரத்தில் கால் கால் மி.லி.யாக விட்டு, விழுங்கிய பிறகுதான் அடுத்தது. மூச்சுத் துவாரம் நாக்கின் வேருக்குப் பின்னால், நடுவிலேயே இருப்பதால், வாயைத் திறந்து மொத்தமாக ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். 20 நிமிடம் கழித்து, விரல் நுனிகளால் உருண்டையை உதிர்ப்பது போல 5 நிமிடம் மெல்லத் தடவியது. ஒரு நாளைக்கு 4 முறை.

தலைகீழாகப் பிடித்துக் கக்க வைப்பது பல ஊரில் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். கக்கியது மூச்சுக்குழலில் இறங்கி, கண்ணெதிரே கோழி செத்துப்போகும்.

2-ஆம் நாள் காலை உருண்டை ஈரக் களிமண் பதத்துக்கு இளகியது. 3-ஆம் நாள் எச்சத்தில் நீளமான புல் நாரும், அதோடு முறுக்கிக்கொண்ட சாக்கு நூலும் வந்தன. தீவனச் சாக்கின் கிழிந்த ஓரத்தைக் கொத்தியிருக்கிறது. 48 மணி நேரத்திலும் இளகவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட வேண்டும். கால்நடை மருத்துவர் பையைக் கீறி எடுத்துத் தைப்பார். கல் போல இல்லாமல், தண்ணீர் நிரப்பிய பலூன் போலத் தொளதொளவென்று இருந்து வாயில் புளித்த வாடை அடித்தால் அது பூஞ்சை. அதற்கு எண்ணெயும் தடவலும் உதவாது, ஆன்டிபயாட்டிக் போட்டால் பூஞ்சை இன்னும் பெருகும். பூஞ்சைக்கான மருந்தே வேண்டும்.

பிறகு 4 நாள் ஊறவைத்த குருணைத் தீவனம், 20 கிராம் வீதம் மூன்று வேளை. கூடவே ஒரு கிண்ணத்தில் 3 மி.மீ. கருங்கல் துகள். கிளிஞ்சல் வைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. அது வயிற்றில் கரைந்து சுண்ணாம்புச் சத்தாகிவிடும், இரையை அரைக்காது.

சாம்பலுக்குத்தான் நாள் வீணானது. மெலிவு என்றால் குடற்புழு என்று முதலில் பைப்பரசின் கொடுத்தோம். பத்து நாள் கழித்து 1,020 கிராம், இன்னும் 20 குறைவு. காரணம் எளிது: பைப்பரசின் வளர்ந்த உருண்டைப் புழுவை மட்டும் செயலிழக்கச் செய்து வெளியேற்றும். நாடாப்புழுவை அது ஒன்றும் செய்யாது.

அன்று ராத்திரி கோழி அடையும் கம்புக்குக் கீழே செய்தித்தாள் விரித்து, விடியலில் டார்ச் அடித்துப் பார்த்தது. பழுப்பு எச்சம், மேலே வெள்ளைத் தொப்பி: இது சரி. நடுவில் ஒன்றிரண்டு கரும்பழுப்பாக, பசை போல, நாற்றத்தோடு கிடக்கும். பெருங்குடல் பையிலிருந்து வருவது, கழிச்சல் இல்லை. இதைப் பார்த்துப் பயந்து மருந்து கொடுப்பவர்கள் அதிகம். சாம்பலின் எச்சத்தில் மட்டும் உடைந்த அரிசி மாதிரி வெள்ளைத் துணுக்குகள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு துணுக்கு சுருங்கி நீண்டது. நாடாப்புழுவின் கண்ணி, அதாவது அதன் உடலிலிருந்து கழன்ற துண்டு. இது தினமும் விழாது. அதனால் ஒருநாள் எச்சத்தைச் சோதித்து ஒன்றும் இல்லை என்று வந்தாலும், மூன்று நாள் தாளை விரித்துப் பார்ப்பது நல்லது.

மருத்துவரிடம் கேட்டு அல்பென்டசோல், கிலோவுக்கு 20 மி.கி. கடையில் கிடைக்கும் 2.5 சதவீதக் கரைசலில் 1 மி.லி.க்கு 25 மி.கி. உண்டு, 1,020 கிராமுக்கு 0.8 மி.லி. எல்லாம் ஒரே கொல்லையில் மேய்வதால் ஆறுக்கும் அவற்றின் எடைக்குத் தக்கபடி கொடுத்தது. தண்ணீரில் கலக்கவில்லை, மருந்து அடியில் தங்கிவிடும், நோயுற்றதுதான் குறைவாகக் குடிக்கும். அதிலிருந்து 14-ஆம் நாள் இரண்டாம் முறை. ஒவ்வொரு முறைக்கும் பிறகு இரண்டு வாரம் முட்டையைச் சாப்பிடவும் இல்லை, அடை வைக்கவும் இல்லை.

மருந்தோடு நின்றால் புழு திரும்பி வரும். நாடாப்புழுவின் முட்டை நேராகக் கோழிக்குப் போவதில்லை. எறும்பு, வண்டு தின்று, அவற்றைக் கோழி கொத்தும்போதுதான் போகிறது. மழைக்கு எறும்பெல்லாம் தீனித் தட்டடியில் குடியேறியிருந்தது. தட்டை நாலு கால் பலகையில் ஏற்றி, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்குச்சியில் நிறுத்தியது. சிந்தியதைச் சாயங்காலமே கூட்டி எடுத்தது. எச்சம் மூன்று நாளுக்கு ஒருமுறை மூடிய உரக்குழிக்கு.

எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் இந்தக் குறிப்பு பொருந்தாது. அது ரத்தக் கழிச்சல், பெரும்பாலும் குஞ்சுகளுக்கு வரும், மருந்து ஆம்ப்ரோலியம். அது கொடுக்கும் நாட்களில் பி-காம்ப்ளக்ஸ் கூடாது; அந்த மருந்து அதிலுள்ள தயமின் (பி1) வைட்டமினைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது, இரண்டும் சேர்ந்தால் மருந்து பலிக்காது.

5-ஆம் வார எடை: செவலை 1,290, சாம்பல் 1,180. தாளில் 9 நாளாகத் துணுக்கு இல்லை. செவலை நேற்று முட்டையிட்டது, ஓடு சற்று மெல்லிசு. சாம்பலின் கொண்டை சிவக்கத் தொடங்கியிருக்கிறது, முட்டை இன்னும் இல்லை.