முதலாம் வகுப்பின் வின்ரர்: நவம்பர் கடைசியிலிருந்து தவக்காலம் வரை

நவம்பர் முடியும் நேரத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளையின் பையில் துண்டுக் கடிதங்கள் வரத் தொடங்கும். வெறும் கடதாசிக் குழாய் நாலு அனுப்புங்கள், மேலதிகமாக ஒரு சோடி காலுறை வையுங்கள், பெயர் எழுதிய கையுறை கொடுத்து விடுங்கள். கனடாவின் ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்து பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்களுக்கு இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாகத் தோன்றும். ஊரில் அப்பியாசக் கொப்பியும் சொல்வதெழுதுதலுமாகப் படித்தவர்களுக்கு, பிள்ளை நாள் முழுக்க வெட்டி ஒட்டி விளையாடிவிட்டு வருகிறது என்ற கவலையும் சேரும். அந்த வெட்டலிலும் ஒட்டலிலும் கணிதமும் விஞ்ஞானமும் மறைக்கல்வியும் இருக்கின்றன. வீட்டில் என்ன ஆயத்தம் செய்தால் பிள்ளை அவற்றைத் தன் கையாலேயே செய்து முடிக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதல் பாடம் உடுப்பு. இடைவேளைக்கு வெளியே போகும்போது ஒரு ரீச்சர், இருபது பிள்ளைகள், இருபது சிப்கள். தானாக உடுத்தத் தெரியாத பிள்ளை வியர்த்தபடி வரிசையில் காத்து நிற்கும். மற்றவர்கள் வெளியே போய்விடுவார்கள். வரிசை இதுதான்: முதலில் கழிவறை. பிறகு ஸ்நோ பாண்ட்ஸ், பூட்ஸ், தொப்பி, கழுத்துறை, ஜாக்கெற், கடைசியில் கையுறை. கையுறையை முதலில் போட்டால் சிப்பைப் பிடிக்க முடியாது. பூட்ஸை முதலில் போட்டால் அதற்கு மேலால் பாண்ட்ஸ் ஏறாது. ஸ்நோ பாண்ட்ஸின் காலுக்குள்ளே இலாஸ்டிக் வைத்த இன்னொரு துணி இருக்கும். அதைப் பூட்ஸுக்கு வெளியால் இழுத்து விட வேண்டும். பலர் அதைப் பூட்ஸுக்குள் திணித்து விடுகிறார்கள். ஸ்நோ நேராக உள்ளே போய்க் காலுறை நனைகிறது. மேலதிகக் காலுறை கேட்பதன் காரணம் அதுதான்.

ஜாக்கெற் போட ஒரு வழி இருக்கிறது. ஜாக்கெற்றை விரித்து, உட்பக்கம் மேலே தெரிய, கழுத்துப் பட்டி பிள்ளையின் கால்மாட்டில் வரும்படி தரையில் வையுங்கள். பிள்ளை குனிந்து இரண்டு கையையும் சட்டைக்கைக்குள் விட்டு, தலைக்கு மேலால் பின்பக்கம் வீச வேண்டும். ஜாக்கெற் சரியாகத் தோளில் விழும். மூன்று நாள் பழகினால் போதும். கையுறை வாங்கும்போது ஐந்து விரல் உள்ளதைத் தவிருங்கள். ஆறு வயதுப் பிள்ளை ஒவ்வொரு விரலையும் தேடித் தேடி நுழைப்பதற்குள் மணி அடித்துவிடும். விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறைதான் சூடும் கூட. இரண்டு சோடி வேண்டும், காலை இடைவேளையில் நனைந்தது மதியத்துக்குள் காயாது. நீளச் சால்வையும் வேண்டாம், விளையாட்டுக் கம்பிகளில் சிக்கினால் ஆபத்து. கழுத்துறை போதும்.

டிசம்பர் திருவருகைக் காலம். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு மெழுகுதிரி: மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் ரோஜா நிறம், அது மகிழ்ச்சியின் ஞாயிறு. வகுப்பில் இதைக் கடதாசித் தட்டில் செய்வார்கள். நடுவை வெட்டி வளையமாக்கி, பச்சைக் கடதாசியில் பிள்ளையின் கையை வரைந்து வெட்டிய பத்துப் பன்னிரண்டு கைகளை இலை போல ஒட்டி, குழாய்களை நிறக் கடதாசியால் சுற்றி நிறுத்துவார்கள். சுடரை மஞ்சள் கடதாசியில் வெட்டித் திங்கட்கிழமைக்கு ஒன்றாகச் செருகுவார்கள். இதையே வீட்டில் செய்யும்போது நாலு சுடரையும் முதல் நாளே ஒட்டிவிடுகிறோம், படம் வடிவாக இருக்க வேண்டும் என்பதற்காக. காத்திருக்கப் பழகுவதுதான் அந்தப் பாடம். மூன்று குழாய் சுடரில்லாமல் நிற்கட்டும்.

வகுப்பு நத்தார்க் குடிலிலும் பாலன் இயேசு இருக்க மாட்டார். வெறும் தொட்டிதான். ஒருவருக்கு உதவி செய்த பிள்ளை ஒரு வைக்கோல் போடலாம், மஞ்சள் கம்பளி நூல் துண்டோ கடதாசிக் கீற்றோ. நல்ல ரீச்சர்மார் அதில் பெயர் எழுத விட மாட்டார்கள். பெயர் வந்தால் யார் கூடப் போட்டது என்ற போட்டி வந்துவிடும். வீட்டில் “இன்றைக்கு எத்தனை போட்டாய்?” என்று கேட்காமல் “யாருக்கு என்ன செய்தாய்?” என்று கேளுங்கள்.

ஸ்நோப் பூ வெட்டுவது எல்லா வகுப்பிலும் உண்டு. பெரும்பாலும் பிழையாக வருவதும் அதுதான். உண்மையான பனிப் படிகத்துக்கு ஆறு பக்கம், ஏனென்றால் தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுகின்றன. சதுரக் கடதாசியைப் பாதி பாதியாக மடித்துக்கொண்டே போனால் நாலு அல்லது எட்டுத்தான் வரும். கோப்பி வடிக்கும் வட்டக் கடதாசி எடுங்கள், அடிப்பக்கத்தைத் தட்டையாக நீவிக்கொள்ளுங்கள். பாதியாக ஒரு மடிப்பு. அந்த அரை வட்டத்தை மூன்று சம பங்காக, ஐஸ்கிரீம் கூம்பு போல, ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மடியுங்கள். பலர் இதோடு நிறுத்தி வெட்டுகிறார்கள். பிரித்தால் மூன்று கையும் இடையிடையே வேறு மூன்றுமாக ஒழுங்கில்லாமல் வரும். கூம்பை இன்னொரு தடவை பாதியாக மடித்தால்தான் ஆறும் ஒரே மாதிரி வரும். அப்போது பன்னிரண்டு அடுக்கு. அச்சடிக்கும் கடதாசியில் பன்னிரண்டு அடுக்கைப் பிள்ளையின் மொட்டைக் கத்தரிக்கோல் வெட்டாது, கோப்பிக் கடதாசியை வெட்டும். மடிப்போரம் முழுவதையும் வெட்டி எறிந்தால் பூ துண்டு துண்டாக விழுந்துவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் ஒரு விரல் அகலம் விடச் சொல்லுங்கள்.

ஸ்நோவை அளப்பது ஜனவரி வேலை. நாளும் பருவமும் மாறுவது முதலாம் வகுப்பு விஞ்ஞானத்தில் ஒரு பகுதி. தெளிந்த பிளாஸ்ரிக் கோப்பையில் புதுப் பனியை விளிம்பு வரை நிரப்பி, உருகினால் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்று பிள்ளை நினைக்கும் இடத்தில் கோடு போடும். பாதிக்கு மேல் போடாத பிள்ளை குறைவு. பஞ்சு போன்ற பனி உருகினால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும், மிச்சமெல்லாம் காற்று. கோப்பையை அமுக்கி நிரப்பினால் கணக்கு மாறிவிடும். அடியில் படியும் கறுப்புத் தூசியையும் காட்டுங்கள், ஸ்நோவை வாயில் வைக்காதே என்று நூறு தடவை சொல்வதைவிட அது வேலை செய்யும்.

மூவிராசாக்கள் திருநாளுக்குப் பிறகு வகுப்புக் கதவுக்கு மேலே சோக்கால் எழுத்தும் எண்ணும் எழுதுவார்கள். 2026 என்றால் முன்னால் 20, பின்னால் 26, நடுவில் சி, எம், பி எழுத்துகள், இடையில் சிலுவைக் குறிகள். கிறிஸ்து இந்த இல்லத்தை ஆசீர்வதிப்பாராக என்ற லத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. காஸ்பார், மெல்கியோர், பல்த்தசார் என்ற மூவிராசாக்களின் பெயர்களையும் அவற்றோடு சேர்த்துச் சொல்வார்கள்.

ஒன்ராறியோவில் 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். பொங்கலும் அதற்குள் வருவதால், வகுப்புக்கு என்ன கொண்டு வரலாம் என்று ரீச்சரே கேட்பதுண்டு. சாப்பாட்டைவிடக் கோலம் நல்லது. நட்ஸ் ஒவ்வாமைக் கட்டுப்பாடுகள் குறுக்கே வராது. கடும் நீலக் கடதாசி, வெள்ளை மெழுகுக் கலர். புள்ளிகளை 3, 4, 5, 4, 3 என்று ஐந்து வரிசையாக, ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் வரும்படி வையுங்கள். மொத்தம் 19. புள்ளிக்குப் புள்ளி 4 சென்ரிமீற்றர் என்றால் வரிசைக்கு வரிசை 3.5 சென்ரிமீற்றர் விடுங்கள். அதையும் 4 ஆக்கினால் கோலம் மேல்நோக்கி நீண்டுவிடும். நடுப் புள்ளியிலிருந்து ஆறு மூலைக்கும் கோடு இழுத்தால் பனிப் படிகமும் கோலமும் ஒன்றாக நிற்கும். இந்த வகுப்பில் எண் அறிவது 50 வரை; 19 புள்ளியை எண்ணுவதும் வரிசைகளைக் கூட்டுவதும் அப்படியே பாடத்துக்குள் அடங்கும். புள்ளிகளை நீங்கள் முதலே குற்றி, இருபது பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளைப் புள்ளி வைக்க விட்டால் அரை மணி நேரம் அதிலேயே போகும். மாவை வகுப்புக்குள் கொண்டு போகாதீர்கள், தரை வழுக்கும்.

பெப்ரவரி வேகமாக ஓடும். 2 ஆம் திகதி ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா, மெழுகுதிரிகள் மந்திரிக்கப்படும். அன்றே நிலப்பன்றி தன் நிழலைக் காணுமா என்று பார்க்கும் நாள், கண்டால் வின்ரர் நீளும் என்பது இங்குள்ள நம்பிக்கை. வகுப்பும் நிழலை அளக்கும். 3 ஆம் திகதி புனித பிளேசியார் திருநாள், இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகத் தொண்டையில் வைத்து ஆசீர்வதிப்பார்கள். சுடர் இருக்காது, பிள்ளை பயப்பட வேண்டாம். 14 ஆம் திகதி வலன்ரைன் நாளுக்கு வாழ்த்து அட்டை கொடுப்பதானால் வகுப்புப் பட்டியலைக் கேட்டு எல்லோருக்கும் எழுதுங்கள். ஒரு பிள்ளைக்கு விடுபட்டாலும் அது மறக்காது. இருபது பெயரையும் ஒரே இரவில் எழுத வைக்காதீர்கள். நாளுக்கு ஐந்து போதும்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் 2026 இல் பெப்ரவரி 18. அதற்கு முதல் நாள் பல வகுப்புகளில் பான்கேக் உண்டு. அன்றே அல்லேலூயா என்ற சொல்லை ஒரு நீளக் கடதாசியில் எழுதி, பிள்ளைகள் நிறம் தீட்டி, சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடுவார்கள். தவக்காலம் முழுக்க வழிபாட்டில் அந்தச் சொல் ஒலிக்காது. வீட்டில் நீங்கள் பாடும்போது பிள்ளை ஓடி வந்து வாயைப் பொத்தினால் காரணம் இதுதான். பெட்டி உயிர்ப்பு விழா முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போதுதான் திறபடும்.