எம்ஜிபி நாட்குறிப்பு: ஒரு திக்கலைத் தேடி

ஜனவரி 5, 2025, ஞாயிறு

என் பழைய எம்ஜிபி கார் திக்குகிறது. போன மாதம் எப்போதாவது ஒரு முறை என்று இருந்தது, இன்று காலை முழுக்கக் கூடவே வந்தது. மூன்றாவது கியரில், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் சீராகப் போகும்போது ஒரு தடுமாற்றம். அடுத்த நொடி சரியாகிவிடும். கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் அதே.

டிசம்பரில் நான் செய்த தவறை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரே மாலையில் பிளக் மாற்றினேன், பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் தொடுமுனை) இடைவெளி வைத்தேன், ஸ்பார்க் வரும் நேரமான டைமிங்கைத் தொட்டேன், இரண்டு கார்புரேட்டர்களிலும் பெட்ரோல் கலவையைக் கூட்டினேன். திக்கல் போகவில்லை. எது எதைக் கெடுத்தது என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லாமல் போயிற்று. இனி ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். செய்ததை அன்றே எழுதிவிட வேண்டும், ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: இது 1966-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத கார். 1798 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர்கள் இரண்டு, எஸ்யூ என்ற கம்பெனியுடையவை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் இந்த மாடலை 5 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதனால்தான் இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளவும் முடிகிறது.

ஜனவரி 8, புதன்

அரை மணி நேர வேலைதான். சாவியைத் திருப்பினால் பின்பக்கம் இருக்கும் எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும். கார்புரேட்டர்களில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறைகள் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ கசிவு, அல்லது காற்றை இழுக்கிறது. நம் பம்ப் ஏழெட்டு முறை அடித்து அடங்கியது. மிதவை அறைகளைத் திறந்து பார்த்தேன், வண்டல் இல்லை. பெட்ரோல் வருவதில் குறை இல்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜனவரி 11, சனி

வால்வு இடைவெளி பார்த்த நாள். கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒரு வால்வு சரியாக மூடாவிட்டால் மேலே எந்த ஸ்க்ரூவைத் திருகியும் பலனில்லை.

மகள் கூட நின்றாள். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இன்ஜினைக் கையால் சுற்றுவது எளிது. நான்காவது கியரில் போட்டு அவள் வண்டியை மெல்லத் தள்ள, நான் மேல்மூடியைத் திறந்து, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு ஒன்பது கணக்கு ஒன்று உண்டு. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்யலாம். ஆறாவது திறந்தால் மூன்றாவது. நான்காவது திறந்தால் ஐந்தாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

"ஏன்பா ஒன்பது?" என்றாள். வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்டில் ஒன்றாவது மேடும் எட்டாவது மேடும் நேரெதிராக இருக்கும், ஒன்று முழுக்கத் தள்ளும்போது மற்றது முழு ஓய்வில் இருக்கும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். எட்டையும் தானே எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள். அவள் அப்படித்தான், எனக்கு அது பிடிக்கும்.

ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வழுக்கிக்கொண்டு போகவும் கூடாது, இறுகிப் பிடிக்கவும் கூடாது. வெண்ணெயில் கத்தி போவது போல ஒரு மெல்லிய பிடிப்பு. லாக் நட்டை இறுக்கியதும் இடைவெளி கொஞ்சம் மாறிவிடும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஐந்தாவதும் ஏழாவதும் மட்டும் நெருக்கமாக இருந்தன. மற்றவை அப்படியே இருந்தன.

ஸ்பானர் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டியின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். கையில் இருக்கிறதே என்று 13 மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் உட்காரும், திருகினால் மூலைகள் தேயும். ஒரு செட் அங்குல ஸ்பானர் இல்லாமல் இந்த வண்டிப் பக்கமே போகக் கூடாது.

கழற்றிய பிளக்குகள் நான்கும் கரி பிடித்துக் கருப்பாக இருந்தன. டிசம்பரில் நான் கூட்டிய பெட்ரோல் அது. வெளிர் பழுப்பாக இருந்திருக்க வேண்டியவை.

ஓட்டிப் பார்த்தேன். வால்வுகளின் டக் டக் சத்தம் சீராகியிருக்கிறது. திக்கல் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று முழுக்கக் கார்புரேட்டர்கள். இந்த எஸ்யூவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது. உள்ளே ஒரு பிஸ்டன். இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அந்த அளவுக்குத் தானாக மேலே ஏறும். அதன் அடியில் கூம்பான ஊசி ஒன்று, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டுக்குள் தொங்குகிறது. பிஸ்டன் ஏற ஏற ஊசியின் மெல்லிய பகுதி ஜெட்டுக்கு நேராக வரும், பெட்ரோல் கூடும். காற்றும் பெட்ரோலும் ஒன்றையொன்று கேட்டு நடந்துகொள்கின்றன. மேலே குழாயில் கொஞ்சம் எண்ணெய். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி ஏறாமல் அந்த எண்ணெய் பிடித்துக்கொள்கிறது, அந்த ஒரு கணம் கலவை கெட்டியாகி வண்டிக்கு வேகம் எடுக்கத் தெம்பு கிடைக்கிறது. இரண்டிலும் எண்ணெய் குறைந்திருந்தது, நிரப்பினேன்.

மேல் மூடியும் பிஸ்டனும் ஜோடி. முன் கார்புரேட்டரில் இருப்பதை எடுத்துப் பின் கார்புரேட்டரில் போடக் கூடாது. மகள் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம் என்று டேப் ஒட்டிவைத்தாள். துடைத்துப் பூட்டியதும் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டேன். டக் என்று விழுந்தது, ஆக ஊசி ஜெட்டில் உரசவில்லை. பிறகு ஜெட்டைப் பாலத்தின் (பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் தட்டையான மேடு) மட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நட்டை முழுதாக இரண்டு சுற்று கீழே இறக்கினேன். அறுகோண நட்டின் பக்கக் கணக்கில் பன்னிரண்டு. டிசம்பரில் நான் கலைத்ததெல்லாம் இத்துடன் அழிந்தது.

காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டைத் தாங்கும் கம்பி தேய்ந்திருந்தால் அந்த ஓரத்தில் காற்று புகும். அதைக் கண்டுபிடிக்கச் சிலர் எதையாவது தெளித்துப் பார்ப்பார்கள். கார்புரேட்டர்களுக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கும் இந்த இன்ஜினில் தீப்பற்றும் எதையும் நான் தெளிக்க மாட்டேன். கம்பி முனைகளில் கெட்டி கிரீஸைப் பூசி, மிதிக்காமல் இன்ஜின் ஓடும் ஐடிலைக் கவனித்தேன். மாற்றமே இல்லை. நல்லது.

ஜனவரி 18, சனி

வாரம் முழுக்க மழை. இன்றுதான் வெளியே எடுக்க முடிந்தது.

ஐடில் இவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் மூன்றாவது கியரில் திக்கல் வந்தே விட்டது. மனம் விட்டுப்போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள். பிறகு கேட்டாள்: "முழுசா மிதிக்கும்போது மட்டும் ஏன்பா நல்லாப் போகுது?"

ஓரங்கட்டி நிறுத்தினேன். உண்மைதான். மேட்டில் முழுக்க மிதித்து ஏறும்போது ஒரு முறைகூடத் திக்கவில்லை. பெட்ரோல் போதாமல் இருந்தால், இன்ஜின் அதிகமாகக் கேட்கும் அந்த இடத்தில்தானே முதலில் தெரிய வேண்டும்? ஐடிலில் இல்லை, முழு மிதியில் இல்லை, பாதி மிதியில் மட்டும் இருக்கிறது. இரண்டு மாதமாகக் கண் முன்னால் இருந்ததை நான் ஒரு கேள்வியாகக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இரவு தூக்கம் வரவில்லை. இதே வரிசையில் கூடிக் குறைகிற வேறொன்று இந்த இன்ஜினில் இருக்கிறது: ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வாக்குவம், அதாவது இன்ஜினின் உறிஞ்சல். அந்தக் குழாய் கார்புரேட்டரில் த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் தொடங்குகிறது. தகடு மூடியிருக்கும்போது துளை வெளியே நிற்கும், உறிஞ்சல் இல்லை. லேசாகத் திறந்ததும் துளை இன்ஜின் பக்கத்துக்கு வந்துவிடும், உறிஞ்சல் பலமாகக் கிடைக்கும். முழுக்கத் திறந்தால் உறிஞ்சலே அடங்கிவிடும். உறிஞ்சல் கிடைக்கும்போதெல்லாம் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு கொஞ்சம் திரும்பி, ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுக்கிறது.

காலையில் குழாயைக் கழற்றி இரு முனைகளையும் அடைத்துவிட்டு ஓட்டினேன். திக்கல் இல்லை! போய்த் திரும்பி வரும் வரை ஒரு முறைகூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பாட்டரியின் எர்த்தைக் கழற்றினேன். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பாடியோடு இணைவது பிளஸ் முனை என்பதை ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் உள்ளே சுழலும் ரோட்டாரையும் எடுத்து, வாக்குவம் குழாயில் வாய் வைத்து உறிஞ்சினேன். தட்டு திரும்பியது, விட்டதும் திரும்பி வந்தது. உறிஞ்சலுக்குத் தட்டை இழுக்கும் டயஃப்ரம் நன்றாக இருக்கிறது.

அடுத்து மல்டிமீட்டர். இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரை விலக்கிவிட்டு ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி டெர்மினலில் வைத்தேன், இன்னொன்றைப் பாயிண்டின் ஸ்பிரிங்கில். நடுவே இருப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு சின்ன வயர் மட்டுமே. இப்படி வைத்தால் பாயிண்ட் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அளவு மாறக் கூடாது. மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. "உறிஞ்சும்மா" என்றேன். மகள் உறிஞ்சினாள், எண் ஓடிப்போயிற்று. விட்டாள், பூஜ்யம். மறுபடியும் உறிஞ்சினாள், மறுபடியும் போயிற்று. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வயரின் மேலுறை முழுசாக இருக்கிறது. வளைத்துப் பார்த்தால்தான் ஓரிடத்தில் துணி போலத் துவள்கிறது. உள்ளே செம்பு இழைகள் அறுந்து, முனைகள் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கின்றன. தட்டு திரும்பும்போது விலகி, திரும்பி வரும்போது சேர்ந்திருக்கின்றன.

ஜனவரி 21, செவ்வாய்

பழைய நோட்டைப் புரட்டினேன். 2023 மார்ச்சில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "டிஸ்ட்ரிபியூட்டர் உள் வயர் மாற்றம். கையில் இருந்த வயர்." அவ்வளவுதான். அந்த இடத்துக்குச் சாதாரண வயர் ஆகாது. சில தடித்த இழைகள் கொண்ட வயர், தட்டின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி ஒருநாள் அறுந்துதான் போகும். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. முடி போன்ற மெல்லிய இழைகள் கொண்ட சிலிக்கோன் உறை வயருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 25, சனி

புதிய வயர் போட்டாயிற்று. சோல்டர் முனையில் மட்டும். ஈயம் இழைகளுக்குள் ஏறிவிட்டால் அந்த இடம் விறைத்துப்போய், அங்கேயே மறுபடி முறியும். தட்டு முழுக்கத் திரும்ப இடம் கொடுக்கும் அளவுக்குத் தொய்வு விட்டேன், ஆனால் சுற்றும் தண்டில் உரசாதபடி ஒதுக்கி வளைத்தேன். எர்த் வயரையும் சேர்த்தே மாற்றியிருக்கலாம். ஒரு தடவைக்கு ஒன்று என்று சொல்லிவிட்டதால் அதை அளந்து மட்டும் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். குழாயைத் திரும்ப மாட்டி ஓட்டினேன், திக்கல் போய்விட்டது. பாதி மிதியில் அந்த இன்ஜின் எழுப்பும் மெல்லிய உறுமலை இடைவெளி இல்லாமல் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

சூடு ஆறுவதற்குள் கார்புரேட்டர்களைச் சமன் செய்தோம். ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காற்று வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்தால் உஸ் என்ற இரைச்சல் கேட்கும். இரண்டிலும் ஒரே இரைச்சல் வரும்வரை த்ராட்டில் ஸ்க்ரூக்களைத் திருகினோம். இதில் அவள் காது என் காதைவிடக் கூர்மை. பிறகு கலவை. சிறு பின்னைத் தள்ளி பிஸ்டனை 1/32 அங்குலம் மட்டும் உயர்த்தினால், இன்ஜின் ஒரு கணம் லேசாக வேகமெடுத்துப் பழைய நிலைக்கு வர வேண்டும். வேகம் ஏறியே நின்றால் பெட்ரோல் அதிகம், தள்ளாடி அணையப் போனால் குறைவு. முன் கார்புரேட்டரில் நட்டின் ஒரு பக்கம் ஏற்றினேன், பின் கார்புரேட்டரில் எதுவும் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

எட்டு நாளாகத் தினமும் ஓட்டுகிறேன், ஒரு தயக்கம்கூட இல்லை. பிளக்குகள் பழுப்பாகிவிட்டன.

வண்டி நன்றாக ஓடும்போதுதான் அடியில் குனிந்து பார்க்கப் பொறுமை வருகிறது. இன்று ஸ்டாண்டில் ஏற்றிச் சில் பெட்டிகளைப் பார்த்தோம். இதற்கு முந்தைய மாடலான எம்ஜிஏவுக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) உண்டு. எம்ஜிபியில் அது கிடையாது, பாடியே சேஸிஸ். கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இந்தப் பெட்டிகள்தான் கூரையில்லாத வண்டியின் முதுகெலும்பு. இவற்றை வெட்டி மாற்ற வேண்டி வந்தால் முதலில் பாடியை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் நடுவே தொய்ந்து, கதவு பிறகு மூடாது.

நம்முடையவை திடமாக இருக்கின்றன. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் முன்னிருந்து பின்வரை ஒரே சத்தம். ஆனால் வலப்பக்கம் நீர் வடியும் துளைகளில் இரண்டு சேறு அடைத்துக் கிடந்தன. கம்பியால் குத்தியதும் பழுப்பு நீர் ஒரு கை அளவு கொட்டியது. இன்னும் ஈரமாக இருப்பதால் ஒரு வாரம் காயவிட்டு, பிறகு உள்ளே மெழுகு அடிக்கலாம்.

நோட்டில் இன்றைய பக்கத்தை மகள்தான் எழுதினாள். தேதி, வலப்பக்கம் எந்த எந்தத் துளை, எவ்வளவு நீர். வயர் வகை என்ன என்பதையும் ஜனவரி 25-க்கு நேராகத் தனியே எழுதி அடிக்கோடிட்டிருக்கிறாள்.