விவாகரத்துக்குப் பின் ஒரு மரணசாசனம்

விவாகரத்துத் தீர்ப்பு திருமணத்தை முடித்துவைக்கிறதே தவிர, அதற்கு முன் நாம் கையொப்பமிட்ட பத்திரங்களைத் திருத்தித் தருவதில்லை. இலங்கையின் மலையகத்தில் என்னைப் போல் தனித்து வாழும் பெண்களிடம் இதை எடுத்துச் சொல்வோர் குறைவு. பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு மரணசாசனம், அதாவது உயில், எதற்கு என்று கேட்கும் உறவினர்களே அதிகம். உண்மையில், எழுதிவைக்காவிட்டால் சிதறிப்போவது எங்களைப் போன்றவர்களின் சொத்துத்தான்.

வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டமோ, கண்டியச் சிங்களவருக்குரிய கண்டியச் சட்டமோ மலையகத் தமிழரான நமக்குப் பொருந்தாது. கண்டி நகரிலேயே பிறந்திருந்தாலும் நமக்கு நாட்டின் பொதுச் சட்டம்தான். கணவரும் பிள்ளைகளும் இல்லாத ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், அச்சட்டப்படி பெற்றோருக்கும், அவர்கள் இல்லாதபோது உடன்பிறந்தோருக்கும், ஏற்கெனவே இறந்துவிட்ட உடன்பிறந்தோரின் பிள்ளைகளுக்கும் உரிமை செல்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியா சென்ற என் பெரியண்ணன் கூடலூரில் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகளை நான் பார்த்ததே இல்லை. ஹட்டனுக்கு அருகே என் சம்பளத்தில் வாங்கிய காணியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் எங்கள் அம்மாவைக் கடைசிவரை பராமரித்தவளும், இப்போது என்னையும் கவனித்துக்கொள்பவளுமான என் தங்கையின் மகளுக்கு, தங்கை உயிரோடிருக்கும்வரை, சட்டம் எதையும் கொடுப்பதில்லை. கூடலூர்ப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களுடைய கையொப்பத்துக்காக அவள் ஆண்டுக்கணக்கில் அலையக்கூடாது என்பதே என் கவலை.

இதை மாற்றும் அதிகாரத்தை 1844ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. சொத்தை விரும்பியவருக்கு எழுதலாம். உறவினர் ஒருவரை ஒதுக்கினால் காரணம் கூறத் தேவையில்லை. ஆனால் எழுதும் முறையில் சட்டம் மிகவும் கண்டிப்பானது. நொத்தாரிசு (பத்திரங்களை அத்தாட்சிப்படுத்த அதிகாரம் பெற்றவர்) ஒருவரும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்க, ஆவணத்தின் இறுதியில் கையொப்பமிட வேண்டும்; நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் தேவை. சொத்தில் எதுவும் பெறாதவர்களையே சாட்சிகளாக வைப்பது நல்லது.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது வேறொன்றை. திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய மரணசாசனம் செல்லுபடியற்றதாகிவிடும். விவாகரத்துக்கு அந்த வலிமை இல்லை. கணவருக்கு எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தவர் புதிதாக எழுதாவிட்டால் பழையதே நிற்கும். அதுமட்டுமல்ல, மாவட்ட நீதிமன்றம் முதலில் வழங்குவது இடைக்காலத் தீர்ப்பாணை மட்டுமே. குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே அது முற்றானதாகிறது. அந்த இடைவெளியில், மரணசாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால், பிரிந்து வாழும் கணவரே சட்டப்படி பாதிச் சொத்துக்கு உரியவராகிறார். வழக்கு நடக்கும்போதே எழுதிவைக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

வங்கிக் கணக்குகளிலும் கவனம் வேண்டும். கணக்கு தொடங்கியபோது பின்னுரித்தாளராக, அதாவது நமக்குப் பின் பணத்தைப் பெறுபவராக, நாம் குறித்த பெயர், மரணசாசனத்தில் வேறு எதை எழுதினாலும் அதற்கு மேலாக நிற்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது நாம் ஈ.பி.எப். என்று சொல்லும் பணத்துக்கு, கொடுத்த நியமனத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். புதுமணப் பெண்ணாகப் பூர்த்தி செய்த படிவத்தில் யாருடைய பெயர் இருக்குமென்று சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்து லயத்துக் காம்பிராவையும் (வரிசை வீட்டு அறையையும்), உறுதி (உரிமைப் பத்திரம்) கையில் கிடைக்காத ஏழு பேர்ச் வீட்டையும் யாருக்கும் எழுதிவைக்க முடியாது. நமக்கு உரித்தில்லாததை நாம் கொடுப்பதற்கில்லை. சொந்தக் காணி வைத்திருப்பவர்களுக்கோ வேறு ஆபத்து: "மரணசாசனமெல்லாம் எதற்கு, இப்போதே நன்கொடை உறுதி எழுதிக் கொடுங்கள்" என்று அன்பாகக் கேட்பவர்கள் வருவார்கள். மரணசாசனத்தை உயிரோடிருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். நன்கொடையாகக் கொடுத்ததைத் திரும்பப் பெறுவதற்கு, பெற்றவர் பெரும் நன்றிகேடு செய்தார் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க நேரலாம். ஆகவே தங்கை மகளுக்கான காணியை நான் மரணசாசனத்தில்தான் எழுதியிருக்கிறேன். அதில் எழுதியதை நடைமுறைப்படுத்தும் நிறைவேற்றுநராக அவளையே நியமித்து, மூலப் பிரதி எங்கே இருக்கிறது என்பதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.