அமாவாசைக்கு மறுநாள் ஈர மணல்ல

அமாவாசை பார்த்துதான் இந்த ட்ரிப்பையே பிளான் பண்ணேன். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி கடல் வழக்கத்தவிட ரொம்ப தூரம் உள்வாங்கும், மத்த நாள்ல தண்ணிக்கடியில கிடக்குற மணல் அப்பதான் வெளிய தெரியும், மெட்டல் டிடெக்டர் எடுத்துட்டு போறவங்களுக்கு அதவிட வேற என்ன வேணும். விடியறதுக்கு முன்னாடியே இறங்கிட்டேன், தண்ணி இறங்க இறங்க அது பின்னாடியே நடந்தேன்.

காஞ்ச மணலுக்கு சாதாரண மெஷினே போதும். ஈர மணல்தான் சிக்கல், உப்புத்தண்ணி கரண்ட்ட கடத்தும்ல, ஒத்த ஃப்ரீக்வென்சி மெஷின் ஒண்ணுமே இல்லாத இடத்துலயும் கத்திட்டே இருக்கும், போன தடவ அதனாலயே ரெண்டு நாள் வீணாப்போச்சு. இந்த தடவ ஒரே நேரத்துல பல ஃப்ரீக்வென்சில தேடுற மல்டி ஃப்ரீக்வென்சி மெஷின். ஹெட்போன் இல்லாம மட்டும் போகாதீங்க, ஆழத்துல இருக்கறதோட சத்தம் அலை இரைச்சல்ல காணாமப் போயிடும். 1881-ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு உடம்புல குண்டு எங்க இருக்குன்னு தேட கிரகாம் பெல் ஒரு கருவி செஞ்சாரே, அதுலயும் டெலிபோன் ரிசீவர காதுல வச்சுதான் கேட்டார்.

முந்தின வாரம் அடிச்ச புயல்ல கரை ஒரு அடி உயரத்துக்கு படி மாதிரி அறுபட்டு கிடந்துச்சு. அந்த படிக்கு கீழதான் ரொம்ப நேரம் நின்னேன், ஏன்னா கனமான பொருள் அலை ஆட்டத்துல மணலுக்குள்ள இறங்கிட்டே போய் கெட்டியான அடுக்கு வந்தா நின்னுடும், புயல் மேல் மணல வாரிட்டு போனா அந்த அடுக்கு கைக்கு எட்டுற ஆழத்துக்கு வந்துடும். மெஷினோட நுனியில இருக்க வட்டமான தேடுற தட்ட (காயில்) தரைய ஒட்டி, தூக்காம, போன வீச்சு மேலயே பாதி படுற மாதிரி மெதுவா வீசணும்.

ஒரு மெதுவான, உருண்டையான சத்தம். தோண்டினா அலுமினிய கேன் மூடியோட வளையம். அடுத்ததும் அதே. என்ன உலோகமா இருக்கலாம்னு மெஷின் ஸ்கிரீன்ல காட்டுற நம்பர் மூணாவதுக்கும் அதேதான், ஆனாலும் தோண்டுனேன், ஏன்னா சின்ன தங்க மோதிரமும் அந்த வளையமும் மெஷினுக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான், குப்பைய வடிகட்டுறேன்னு அந்த நம்பர ஆஃப் பண்ணா தங்கமும் சேர்ந்தே போயிடும். ஓட்டை போட்ட ஸ்கூப்ல (மணல் அள்ளுற கரண்டி) ரெண்டாவது தடவ அள்ளுனத தண்ணியில அலசுனேன், மணல் ஓட்டை வழியா ஒழுகி கூழாங்கல் மட்டும் நின்னுச்சு, நடுவுல மஞ்சளா ஒரு மோதிரம். வெள்ளி கறுத்துப்போகும், இது நேத்து விழுந்த மாதிரி பளபளன்னு இருந்துச்சு. உள்பக்கம் ரெண்டு எழுத்து, ஒரு தேதி.

கை நடுங்கிடுச்சுங்க.

குழிய மூடிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷன் போய் எழுதிக் கொடுத்து ஒப்படைச்சேன். உள்ள இருக்க எழுத்த மட்டும் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டேன், தேடி வர்றவங்க அத அவங்களே சொல்லட்டும். பௌர்ணமிக்கு மறுபடி போறேன், முதல்ல ஸ்டேஷன்லதான் விசாரிக்கணும்.