தேரும் வேண்டும், வடம் பிடிக்கும் முகமும் வேண்டும்: ஒரே லென்ஸ் தேடிய அனுபவம்

திருவாரூர் ஆழித்தேர் ஓடிய அன்று, கீழ வீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்பும் முனையில் நின்றிருந்தேன். கழுத்தில் கேனான் 1500டி, அதில் 55-250 லென்ஸ். கேமராவோடு சேர்ந்து வந்த இன்னொரு லென்ஸான 18-55 முதுகுப் பையில் இருந்தது. இந்த எண் சிறிதானால் அகலமான காட்சி விழும், பெரிதானால் தூரத்தில் இருப்பது நெருங்கித் தெரியும். வடம் பிடித்தவர்களின் முகங்களைத் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருந்தேன். வியர்வை வழியும் நெற்றி, பல்லைக் கடித்து இழுக்கும் தாடை என்று நல்ல படங்களாகவே விழுந்தன. அப்போதுதான் தேர் முனைக்கு வந்தது.

பார்த்தவர்களுக்குத் தெரியும். 96 அடி உயரத் தேர், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டுப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும். திரும்பி முடிய வெகுநேரம் ஆகும். ஆனால் அது ஒரு குலுங்கு குலுங்கி, உச்சியில் கலசம் ஆட, கூட்டம் "ஆரூரா! தியாகேசா!" என்று கத்தும் கணம் சில விநாடிதான். அந்த விநாடிகளில் நான் குனிந்து பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் கழற்றிய லென்ஸ், இன்னொரு கையில் மாட்ட வேண்டிய லென்ஸ், தோளில் இடிக்கும் கூட்டம், பங்குனி வெயிலில் எழும்பும் புழுதி. மாட்டி நிமிர்ந்தபோது தேர் அசையாமல் நின்றது. ராத்திரி வீட்டில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 11-ல் எடுத்த வானத்தில் அங்கங்கே கரும்புள்ளிகள். லென்ஸ் மாற்றியபோது, படம் பதியும் சென்சாரில் தூசி படிந்திருந்தது.

அடுத்த தேருக்குள் ஒரே லென்ஸில் எல்லாம் எடுக்கிற மாதிரி ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் மனம் போனது டாம்ரான் 18-400-க்கு. 2017-ல் வந்த லென்ஸ் அது. கமலாலயம் குளம் முழுவதையும் எடுக்கலாம், அதே இடத்தில் நின்றபடி நடுவில் இருக்கும் கோயில் கோபுரத்தில் உட்கார்ந்த புறாவையும் எடுக்கலாம். 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்று சொல்கிற ஊரில் இருப்பவனுக்கு அந்த வீச்சு பெரிய ஆசைதான். ஆனால் எடை 700 கிராமுக்கு மேல். என் கேமராவே பேட்டரியோடு 475 கிராம். ஒரு ஸ்டூடியோவில் அதை மாட்டிப் பார்த்தேன். கேமரா முன்பக்கமாகக் கவிழ்ந்தது. காலையிலிருந்து மாலை வரை நாலு வீதியும் அதைத் தூக்கிக்கொண்டு சுற்றுவதை நினைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த ஸ்டூடியோ அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "24-105 வாங்கு தம்பி. நான் பத்து வருஷமா கல்யாணத்துக்கெல்லாம் அதைத்தான் கொண்டுபோறேன்." அவர் சொன்னது அவருக்குச் சரி. அவர் கையில் இருப்பது முழுச் சட்டக சென்சார் (பழைய ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார்) கேமரா. என் கேமராவில் சென்சார் சின்னது, எந்த எண்ணையும் 1.6-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். அவருக்கு 24 ஆகத் தெரிவது எனக்கு 38 ஆகிவிடும். இதை நான் தேரை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து 18-ல் எடுத்தால், ஆழித்தேர் அடி முதல் நுனி வரை விழ சுமார் 60 அடி தள்ளி நின்றால் போதும். 24-ல் என்றால் கிட்டத்தட்ட 85 அடி தள்ளிப் போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் 25 அடி பின்னால் போக யார் வழிவிடுவார்கள்? பின்னால் வீட்டுச் சுவர்தான் இருக்கும். தொடக்கநிலைக் கேமரா வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். முதல் எண் 18-க்கு மேலே தொடங்கும் லென்ஸை எல்லாவற்றுக்குமான லென்ஸ் என்று யார் சொன்னாலும், அவர் என்ன கேமரா வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

சரி, முதல் எண் 18 என்று முடிவாகிவிட்டது. மேல் எண் எவ்வளவு? 135-ஆ, 200-ஆ, 300-ஆ? இங்கேதான் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது நான் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த படங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எந்தக் குவியத் தொலைவில், அதாவது லென்ஸின் எந்த எண்ணில், எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். கணினியில் அந்த ஃபோல்டரைத் திறந்து, விவரங்கள் தெரியும் பார்வைக்கு மாற்றி, குவியத் தொலைவுக்கு ஒரு பத்தியைச் சேர்த்தால், அதன்படி வரிசைப்படுத்திவிடலாம். ஒரு வருஷத்துப் படங்களை அப்படி வரிசைப்படுத்தினேன். அரைமணி நேர வேலை. கடைக்குப் போவதற்கு முன் எல்லாரும் செய்ய வேண்டிய வேலை இது.

மிகப் பெரிய குவியல் 18-ல் இருந்தது. அடுத்த குவியல் 55-ல். முதலில் எனக்கு அது புரியவில்லை. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. 18-55-ஐ முழுக்க நீட்டி, அதற்கு மேல் போக முடியாமல் அங்கேயே எடுத்தவை அவை. அக்கா மகளின் பள்ளி ஆண்டுவிழா, மேடையில் ஆடும் குழந்தை நடுவில் சின்னதாக நிற்கிறாள். 55-250-ல் எடுத்தவற்றில் பெரும்பாலானவை 70-க்கும் 130-க்கும் இடையில். 200-க்கு மேல் எடுத்தவை எவை என்று பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே வடுவூர் ஏரியில் எடுத்த பறவைகள். அங்கே நான் வருஷத்துக்கு இரண்டு தடவை, குளிர்காலத்தில் போகிறேன். அங்கே கூட்டம் இல்லை, புழுதி இல்லை, லென்ஸ் மாற்ற நேரமும் இருக்கிறது. இரண்டு நாள் பறவைக்காக மீதி வருஷம் முழுக்கப் பெரிய லென்ஸைச் சுமக்கத் தேவையில்லை. 135 போதும் என்று தெளிவாகிவிட்டது.

கேனானின் 18-135-ல் எஸ்டிஎம் என்று ஒன்றும், 2016-ல் வந்த யுஎஸ்எம் என்று ஒன்றும் உண்டு. வீச்சு இரண்டுக்கும் ஒன்றே, ஃபோகஸ் செய்யும் மோட்டார்தான் வேறு. யுஎஸ்எம் வேகமானது. 1500டி-யில் திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் எப்படியும் மெதுவாகத்தான் நடக்கும், அதற்குக் கேமராவே காரணம். வீடியோவுக்காக யுஎஸ்எம் வாங்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நான் எப்போதும் கேமராவின் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்த்து எடுப்பவன், அசையும் ஆட்களை எடுப்பவன். அதனால் யுஎஸ்எம்.

புதிதாக வாங்கப் பணம் போதவில்லை. கேனான் 80டி கேமராவோடு இந்த லென்ஸ் ஒரே தொகுப்பாக (கிட்) விற்கப்பட்டதால், பழையதாகவும் கிட்டிலிருந்து பிரித்ததாகவும் நிறையக் கிடைக்கிறது. திருச்சியில் ஒரு கடையில் முதலில் பார்த்தேன். வெளியே பளபளவென்று கீறலே இல்லாமல் இருந்தது. செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பார்த்தேன். உள்ளே ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள். பூஞ்சை. நம் ஊர் ஈரக் காற்றில், பைக்குள்ளேயே மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் லென்ஸுக்கு இது வரும். "தூசிதான் தம்பி, தொடச்சா போயிடும்" என்றார் கடைக்காரர். தூசி புள்ளியாக இருக்கும், இழை இழையாகக் கிளைக்காது. வேண்டாமென்று வந்துவிட்டேன்.

இரண்டாவது லென்ஸ் தஞ்சாவூரில் ஒருவர் வீட்டில் கிடைத்தது. இந்தத் தடவை என் கேமராவையும் ஒரு பழைய நாளிதழையும் கொண்டுபோனேன். நாளிதழை விரித்துச் சுவரில் ஒட்டி, நேராக நின்று 18, 35, 55, 85, 135 என்று ஒவ்வொன்றிலும் இரண்டு படம் எடுத்தேன். ஒன்று லென்ஸின் துளையை (அப்பர்ச்சர்) முழுக்கத் திறந்து, இன்னொன்று எஃப் 8-ல். பெரிதாக்கி நாலு மூலையிலும் எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். நாலு மூலையும் ஒரே அளவு மங்கினால் கவலையில்லை, இந்த மாதிரி ஜூம் லென்ஸின் இயல்பு அது. ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கலங்கியும் இருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, கீழே விழுந்திருக்கலாம். பிறகு ஜூம் வளையத்தைக் காதருகே வைத்துச் சுற்றினேன், மணல் அரைபடும் சத்தம் இல்லை. லென்ஸைத் தரையைப் பார்த்துத் தொங்கவிட்டேன், தானாக நீளவில்லை. 16,500 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டு அம்மா காபி கொடுத்து, "நல்லா வச்சுக்கோப்பா, அவரு ஆசையா வாங்குனது" என்றார். அதனால் அந்த லென்ஸ் மீது எனக்கு இன்னும் கொஞ்சம் பொறுப்பு கூடியிருக்கிறது.

கணக்கில் விட்ட செலவுகள் சில உண்டு. பழைய லென்ஸ்களின் 58 எம்எம் ஃபில்டர்கள் இதில் பொருந்தாது, இதற்கு 67 வேண்டும். வெயில் மறைப்பு வளையம் தனியாக வாங்க வேண்டும். அதை மாட்டிக்கொண்டு 18-ல் கேமராவின் சொந்த ஃபிளாஷைப் போட்டால், படத்தின் அடியில் அரைவட்டமாக நிழல் விழும். ஃபிளாஷ் போடும்போது கழற்றிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்குமான லென்ஸ் என்றாலும் இருட்டுக்கு இது போதாது. நீட்ட நீட்ட அப்பர்ச்சர் எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். அக்கா மகன் காதுகுத்துக்குப் போனபோது மண்டபத்தில் குழல்விளக்கு வெளிச்சம்தான். சென்சாரின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 6400 வரை ஏற்றியும் ஷட்டர் வேகம் ஏறவில்லை. கை நடுக்கத்தை லென்ஸில் உள்ள ஐஎஸ் பிடித்து நிறுத்தும், திமிறி அழும் குழந்தையை அது நிறுத்தாது. குழந்தையை மடியில் வைத்திருந்தவரின் முகம் தெளிவாகவும், குழந்தையின் முகம் இழுத்துக்கொண்டும் விழுந்தது. அதற்குப் பிறகு ஜூம் இல்லாத 50 எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கினேன். எஃப் 5.6-ஐவிடப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும், 160 கிராம்தான், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். இப்போது வீட்டு விசேஷம் என்றால் இரண்டையும் எடுத்துப்போகிறேன்.

அடுத்த தேருக்கு 18-135 மட்டும். பையே எடுக்கவில்லை. அதே முனையில் போய் நின்றேன். சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைச் செருகிவிட்டு விலகும் பெரியவரின் கையை 135-ல் எடுத்தேன். வடம் இறுகியது. வளையத்தை ஒரே திருப்பில் 18-க்குக் கொண்டுவந்து கேமராவை நிமிர்த்தினேன். கலசம் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு படத்துக்கும் நடுவில் நேரக் குறிப்பின்படி மூன்று விநாடி. இரண்டையும் அச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவர் எந்தத் தெரு என்று விசாரித்திருக்கிறேன், அவருக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.