கடிகாரம் யாருடையது

22.8.2006, செவ்வாய்
வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போய் ‘ஐடில்வைல்ட்’ வாங்கினேன். அட்லாண்டாவில் குடியிருந்துகொண்டு இந்த ஊர் ராப் ஜோடி அவுட்காஸ்ட்டின் சிடியை முதல் நாளே வாங்காவிட்டால் எப்படி? மொத்தம் 25 டிராக். வீட்டில் கூட இருப்பவன் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி கட்டுகிறான். டேப் கிழிக்கும் சத்தம் பாட்டுக்கு நடுவே.

23.8
தூக்கம் இல்லை. ஹால் கடிகாரம்.

24.8
காரில் இரண்டு தடவை ஓட்டியாயிற்று, கடைசிப் பாட்டு தவிர. ஜோடியான ஆந்த்ரேயும் பிக் பாயும் சேர்ந்து வருவது ‘மைட்டி ஓ’, ‘ஹாலிவுட் டிவோர்ஸ்’ என்று விரல்விட்டு எண்ணலாம். மற்றபடி ஒரே கூரை, இரண்டு அடுப்பு. 2003 ஆல்பத்தில் ஆளுக்கொரு டிஸ்க் என்று வெளிப்படையாகவே பிரித்துக்கொண்டார்கள். அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. சேர்ந்திருப்பதாகக் காட்டிக்கொள்வதுதான் கஷ்டம் போல.

‘மைட்டி ஓ’வில் வரும் கூவல் ஜாஸ் பாடகர் கேப் காலோவே 1931-ல் பாடியதிலிருந்து எடுத்தது. சொன்னவன் அவன்தான். பேசிக்கொண்டிருந்த காலம்.

25.8, வெள்ளி
சிடியின் அதே பெயரில் வந்த அவுட்காஸ்ட் படம். கவுண்டரில் ‘இரண்டு’ என்று வாயில் வந்துவிட்டது.

1930-களின் ஜார்ஜியா. சாராயம் ஓடும் கிளப், பெயர் ‘சர்ச்’. ஆந்த்ரே பிணம் அடக்கம் செய்பவரின் மகன், பியானோக்காரன். பிக் பாய் கிளப்பின் ஆள். டைரக்டர் பிரையன் பார்பர், அவர்களுடைய ‘ஹே யா’ பாட்டுக்கு வீடியோ எடுத்தவர். அதனால் ஒவ்வொரு பாட்டும் ஒரு வீடியோ, கதை ஓரமாகக் கைகட்டி நிற்கிறது. தாளில் இருக்கும் இசைக்குறிகள் எழுந்து ஆடுகின்றன, ஃபிளாஸ்கில் செதுக்கிய சேவல் பேசுகிறது. ஆனால் படத்தில் நிறையப் பாட்டு 2003 ஆல்பத்துச் சரக்கு. சிடியில் உள்ள பல பாட்டு படத்தில் இல்லவே இல்லை. படப் பாட்டு என்று வாங்கியவன் தலையைச் சொறியத்தான் வேண்டும்.

ஆந்த்ரே அறையில் சுவர் நிறையக் குயில் கடிகாரம். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

27.8
நாள் முழுக்க சிடியில் உள்ள ‘மாரிஸ் பிரவுன்’ பாட்டு. பேண்டு அதே பெயருள்ள கல்லூரியுடையது, இதே ஊர். அங்கீகாரம் போய் சில வருஷம் ஆகிறது. நாளைக்குக் கல்லூரி இருக்குமோ என்னவோ, என்ன ஊது ஊதுகிறார்கள்! சத்தத்தைக் கூட்டி வைத்தேன். உள்ளே டேப் சத்தம் நின்றது. பாட்டு முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தது.

29.8
கடிகாரம் பதினோரு டாலர். ஆளுக்கு ஐந்தரை போட்டோம்.

30.8
பில்போர்டு ஆல்பம் பட்டியலில் சிடிக்கு இரண்டாம் இடம். சமையலறையில் நின்று ஃபிரிட்ஜிடம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னேன். “ம்” என்றான். ஆறு வாரத்தில் முதல் “ம்”.

நாளைக் காலை எட்டு மணிக்கு அவனுக்கு வண்டி. கடைசிப் பாட்டு ‘எ பேட் நோட்’ ஒன்பது நிமிஷத்துக்குக் கிட்ட. இன்று கேட்டுவிட வேண்டும் என்று சிடியை ஹால் பிளேயரில் போட்டேன். பாதியில் அசந்துவிட்டேன்.

31.8
கடிகாரம் ஆணியிலேயே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறான். பிளேயரில் சிடி இல்லை.